ஓக்லண்ட் தெருவில் குதிரைகள்

கௌபாய் என்றதும் மனதில் வந்து நிற்கிற ஆள் வெள்ளைக்காரன்தான். ஹாலிவுட் படம் பார்த்தவர்களுக்கும் சரி, லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவர்களுக்கும் சரி, இதில் மாற்றமில்லை. கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் 1970களின் நடுவிலிருந்து அக்டோபர்தோறும் நடக்கும் ஊர்வலம் மனதிலுள்ள இந்தப் படத்தோடுதான் மல்லுக்கு நிற்கிறது. கறுப்பின ஆண்களும் பெண்களும் அகன்ற தொப்பியும் பூட்ஸுமாகக் குதிரையேறி டிஃப்ரெமெரி பூங்காவை ஒட்டிய தெருக்களில் வருகிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் வேடிக்கை என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் காட்சியால் மறைக்கப்பட்ட வரலாற்றைப் புத்தகத்தால் மட்டும் மீட்டுவிட முடியாது, அதற்கு இன்னொரு காட்சி வேண்டும் என்பது என் கட்சி.

முதலில், மறைந்தது எது? 1860-இல் டெக்சாஸின் மக்கள்தொகை சுமார் 6 லட்சம். அதில் 1,82,000-க்கும் மேற்பட்டோர் அடிமைகள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பண்ணை முதலாளிகள் கிளம்பிப் போனபோது பல பண்ணைகளில் மாடுகளைப் பார்த்துக்கொண்டது அந்த அடிமைகள்தான். 1865 ஜூன் 19 அன்று கால்வெஸ்டனில் விடுதலை அறிவிப்பு வாசிக்கப்பட்டது. போர்க்காலத்தில் சூடு போடாமல் பெருகிக் கிடந்த மாடுகள் டெக்சாஸில் சில டாலர்தான் பெறும். வடக்கே கொண்டுபோனால் பத்து மடங்கு கிடைக்கும். ஓட்டிப்போக ஆள் வேண்டும். மாட்டின் குணம் தெரிந்த, இப்போது கூலி கேட்க முடிந்த கறுப்பர்கள் மாடு ஓட்டும் பாதையான சிஸம் தடத்தில் கான்சஸை நோக்கிக் கிளம்பினார்கள். முரட்டுக் குதிரையில் முதலில் ஏறுவது, வெள்ளம் போகும் ஆற்றில் முதலில் இறங்கி ஆழம் பார்ப்பது போன்ற ஆபத்தான வேலைகள் பெரும்பாலும் இவர்கள் தலையில்தான் விழுந்தன. கூலியில் அவ்வளவாக வித்தியாசம் காட்டப்படவில்லை என்கிறார்கள். ஆனால் மந்தைக்குத் தலைவனாக உயர்ந்த கறுப்பர் மிக அரிது.

இதெல்லாம் ஊதிப் பெரிதாக்கிய கணக்கு என்று ஓர் ஆட்சேபம் உண்டு. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. கௌபாய்களில் நான்கில் ஒருவர் கறுப்பர் என்று இன்று பலரும் எழுதுகிறார்கள். 1965-இல் இது பற்றி முழுப் புத்தகமே எழுதிய ஃபிலிப் டர்ஹம், எவரெட் ஜோன்ஸ் இருவரும் சுமார் 35,000 பேரில் 5,000-க்கு மேல் என்றார்கள். அது ஏழில் ஒருவர். கறுப்பரை ‘பாய்’ என்று இளக்காரமாக அழைத்ததிலிருந்தே ‘கௌபாய்’ பிறந்தது என்ற கதையும் நிற்காது. அந்தச் சொல் 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே இருக்கிறது. சரி, குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஏழு பேர் போன இடத்தில் ஒருவர் இருந்திருக்கிறார். திரையில் அந்த ஒருவரும் காணோமே! புத்தகம் வந்து இத்தனை ஆண்டுகளாகியும் மனதிலுள்ள படம் பெரிதாக மாறவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

கறுப்பின கௌபாய் பில் பிக்கெட்டின் கதை இதைப் பளிச்சென்று காட்டும். டெக்சாஸில் 1870-இல் பிறந்தவர். ஓடும் குதிரையிலிருந்து காளை மேல் பாய்ந்து, கொம்பைத் திருகி, அதன் உதட்டைப் பல்லால் கவ்விச் சாய்ப்பார். பல் போய், திருகல் மட்டும் கௌபாய் விளையாட்டான இன்றைய ரோடியோவில் ஒரு போட்டியாக நிலைத்திருக்கிறது. 1994-இல் அமெரிக்க அஞ்சல் துறை மேற்கின் நாயகர்கள் வரிசையில் அவருக்குத் தபால்தலை அச்சடித்தது. அதிலிருந்த முகம் அவருடையதல்ல, தம்பி பென் பிக்கெட்டுடையது! தாள்களைத் திரும்பப் பெற்று, சரியான முகத்தோடு மறுபடி அச்சிட்டார்கள். தவறாக அச்சான 1,50,000 தாள்களைக் குலுக்கல் முறையில் விற்றார்கள். மரியாதை செய்ய முன்வந்த அரசுக்கே முகம் தெரியாமல் போயிற்று.

கௌபாயைக் கொண்டாடுவதே தவறு, அந்த மாடுகள் நடந்தது பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலத்தில் என்பது இன்னும் கனமான ஆட்சேபம். மறுக்க முடியாது. கறுப்பினக் குதிரைப்படைகளே பூர்வகுடிகளுக்கு எதிரான போர்களில் ஏவப்பட்டன. ஊர்வலத்தின் கொண்டாட்டத்தில் இந்தக் கசப்புக்கு இடம் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கறுப்பரை விட்டுவிட்டுச் சொன்னால் அந்தக் கசப்பும் முழுதாகச் சொன்னதாகாது.

துறைமுகமும் ரயிலுமான நகரத்தில் குதிரைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் ரயிலையே பிடித்துக்கொண்டு போனால் போதும். முள்கம்பியும் தண்டவாளமும் வந்ததும் நெடுந்தூரம் மாடு ஓட்டும் தொழில் படுத்துவிட்டது. கண்டத்தைக் கடந்து வந்த ரயில்பாதையின் மேற்குக் கோடி ஓக்லண்ட். புல்மன் நிறுவனத்தின் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் பணிசெய்த கறுப்பினத் தொழிலாளர்கள் அங்கே குடியேறினார்கள். பிறகு இரண்டாம் உலகப்போரின் கப்பல் கட்டும் வேலைக்கு டெக்சாஸ், லூயிசியானாவிலிருந்து குடும்பங்கள் வந்து இறங்க, 1940-இல் 8,500-க்கும் குறைவாக இருந்த கறுப்பின மக்கள்தொகை 1950-இல் 47,000-ஐத் தாண்டியது. மாடு மேய்த்த மண்ணின் நினைவும் அவர்களோடு வந்திருக்கும். மாட்டிலிருந்து ரயிலுக்கு வந்த இந்த மாற்றத்தை ஒரே ஆளின் வாழ்விலும் பார்க்கலாம். அடிமையாகப் பிறந்து கௌபாயான நாட் லவ் 1907-இல் சுயசரிதை வெளியிட்டார். வீரப்பிரதாபங்களில் பாதியைக் கழித்துத்தான் படிக்க வேண்டும். அதிலுள்ள புகைப்படங்கள் வேறு விஷயம். ஒன்றில் கையில் துப்பாக்கி, காலடியில் சேணமும் கயிறுமாக நிமிர்ந்து நிற்கிறார். அதே புத்தகத்தில் இன்னோரிடத்தில், அதே மனிதர், புல்மன் பெட்டிப் பணியாளரின் சீருடையில்.