நெளிந்த கோலம்

சென்ற பொங்கலன்று மைதானத்தில் நம் சங்கத்தார் இட்ட பெருங்கோலத்தை வானிலிருந்து படமெடுத்தவன் நான்தான். மாலை விழாவில் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு நினைவிருக்கும்: நேர்கோடுகள் எல்லாம் சாரைப்பாம்புகளாக நெளிந்துகொண்டிருந்தன. "கோலம் போட்டவர்களுக்குக் கை நடுங்கியதா தம்பி, படம் எடுத்த உனக்கா?" என்று கேட்டார் ஒரு மூத்த மாணவர். இரண்டும் இல்லை, அண்ணா. நடுங்கியது யந்திரம். அதில் எந்த உறுப்பு நடுங்கியது என்று கண்டுபிடித்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான்கு சுழலி வைத்த டிரோன்கள் மலிந்துவிட்ட இக்காலத்தில் ஹெலிகாப்டர் எதற்கு என்று கேட்கலாம். ஒரே பெரிய சுழலி மெதுவாகச் சுற்றிக் காற்றைத் தள்ளுவதில் மின்சாரம் குறைவாகச் செலவாகும். கனமான காமிராவையும் கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும். தவிர, எங்கள் ஆய்வுக்கூடத்து அலமாரியில் சும்மா கிடந்தது அதுதான்! காமிராவோடு சேர்த்து ஏறக்குறைய 5 கிலோ எடை. மேலே உள்ள பெரிய சுழலி நிமிடத்துக்கு 1,500 சுற்று, அதாவது விநாடிக்கு 25. வால் சுழலி அதைப்போல் நாலரை மடங்கு வேகம்; விநாடிக்கு 112 சுற்றுக்குச் சற்று மேல். மோட்டாரோ பத்து மடங்கு, விநாடிக்கு 250. இந்த மூன்று எண்களையும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

டிசம்பரில் ஒருநாள் இறங்கும்போது வால் தரையில் தட்டிவிட்டது. மறுநாளே படம் நெளியத் தொடங்கிற்று. சுழலி வைத்த யந்திரம் ஆடினால் எல்லோரும் முதலில் சந்தேகிப்பது மேலே உள்ள பெரிய இறகுகளைத்தான். அதில் நியாயம் இருக்கிறது. என் யந்திரத்தில் ஓர் இறகின் நுனி மற்றதைவிட ஒரே ஒரு கிராம் கனமாக இருந்தாலும், அந்த வேகத்தில் அது ஏறக்குறைய 1.7 கிலோ எடைக்கு ஒப்பான விசையோடு, விநாடிக்கு 25 தடவை, யந்திரத்தை ஒவ்வொரு பக்கமாகப் பிடித்து இழுக்கும். எனவே இரண்டு இறகுகளையும் கழற்றினேன். முதலில் ஈர்ப்பு மையம் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு எடையைச் சரிபார்த்து, இலேசான இறகில் துளி நாடா ஒட்டினேன். இந்த வரிசை மாறக்கூடாது. இந்த வேலையிலேயே இரண்டு வாரம் போயிற்று. நெளிவு போகவில்லை.

பிறகு நான் செய்ததுதான் தவறு. காமிராவுக்கு அடியில் மெத்தென்ற ரப்பர்த் துண்டுகளை வைத்தேன். ரப்பர்மேல் அமர்ந்த காமிராவுக்கென்று ஓர் இயல்பான ஆட்ட வேகம் உண்டு. அதைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் வரும் அதிர்வில் எட்டில் ஒரு பங்குதான் காமிராவுக்குப் போய்ச் சேரும். அந்த இயல்பு வேகத்தை ஒட்டி வரும் அதிர்வையோ ரப்பர் பெருக்கிவிடும். லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியும் மாட்டினேன்; வெளிச்சம் குறைந்ததால் ஷட்டர் மெதுவாக இயங்கி, நெளிவு மங்கலாகக் கரைந்துவிட்டது. யந்திரம் குணமாகிவிட்டது என்று நம்பினேன்.

பொங்கலன்று பகல் பதினொரு மணிக்குப் பனி விலகி நல்ல வெயில் அடித்தது. அவசரத்தில் கறுப்புக் கண்ணாடியை மாட்ட மறந்தேன். ஷட்டர் வேகம் கூடியது. மறைந்திருந்த நோய் வெளியே வந்தது. அந்த மறதிக்கு இன்று நன்றி சொல்கிறேன்.

இந்த நெளிவு எப்படி உண்டாகிறது? இக்காலக் காமிராக்களில் பெரும்பாலானவை படத்தை ஒரே நொடிப்பில் பிடிப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. ஒருவன் தாளில் மேலிருந்து கீழாக ஒரு நேர்கோடு இழுக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அவன் முழங்கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு நெளியும். கோடு இழுத்து முடிப்பதற்குள் எத்தனை தடவை ஆட்டினானோ, அத்தனை அலை கோட்டில் இருக்கும். ஆகவே அலைகளை எண்ணி, ஒரு படத்தைப் படிக்க ஆகும் நேரத்தால் வகுத்தால் அதிர்வின் வேகம் கிடைத்துவிடும். கெட்டுப்போன படமே குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிடுகிறது!

படிக்க ஆகும் நேரத்தை எப்படி அறிவது? எங்கள் விடுதி மாடிப்படியில் பழைய சோக் வைத்த குழல் விளக்கு ஒன்று உண்டு. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. ஆகவே அவ்விளக்கு விநாடிக்கு 100 தடவை மினுக்கும். அதன் ஒளி விழும் வெள்ளைச் சுவரை வேகமான ஷட்டரில் படம் பிடித்தேன். படத்தில் குறுக்கே இரண்டரைப் பட்டைகள் விழுந்தன. ஆக ஒரு படத்துக்கு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரம்.

இனிக் கோலத்துக்கு வருவோம். மேலிருந்து கீழாக ஓடிய நேர்கோட்டில் ஏறக்குறைய இரண்டே முக்கால் அலை இருந்தது. நாற்பதால் பெருக்கினால் 110. பெரிய சுழலியாக இருந்தால் ஒரு முழு அலைகூடத் தேறாது. கோடு ஒருபுறம் சாய்ந்தாற்போல் இருக்கும். மோட்டாராக இருந்தால் ஆறு அலைக்கு மேல் வரும். 110 என்பது வாலின் எண்! காமிராவை நான் யந்திரத்தின் நீளவாக்கில் திருப்பிப் பொருத்தியிருந்ததும் உதவிற்று. வால் மேலும் கீழும் துடித்தால் மூக்கும் கூடவே துடிக்கும். அது கோட்டில் பக்கவாட்டு நெளிவாக விழும். வேறு வாக்கில் பொருத்தியிருந்தால் கோடு நெளியாமல், படம் அங்கங்கே நசுங்கியும் நீண்டும் மட்டுமே தெரிந்திருக்கும்.

எல்லா இறகுகளையும் கழற்றிவிட்டு, யந்திரத்தைப் பலகையில் கட்டி, பழைய வேகத்தில் ஓடவிட்டேன். (இறகோடு இச்சோதனையை யாரும் செய்யவேண்டாம்.) வாலில் விரல் வைத்தால் குறுகுறுவென்று துடித்தது. இறகே இல்லாதபோது இறகைக் குறை சொல்ல முடியாதல்லவா? வால் சுழலியின் அச்சுத்தண்டை உருவிக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டினேன். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் அடியே வெளிச்சம் தெரிந்தது. தலைமயிர் கனம்தான் வளைவு. ஆனால் அந்த வளைவோடு நான்கு வாரம் ஓட்டியதில் பேரிங்கின் குண்டுகள் தேய்ந்து, சுற்றும்போது மணல் அரைவதுபோல் இருந்தது.

அப்போதுதான் எனக்கு வியர்த்தது. அந்தப் பேரிங் வானில் இறுகியிருந்தால் வால் சுழலி நின்றிருக்கும். உடல் தட்டாமாலை சுற்றி, கட்டுக்கடங்காமல் விழுந்திருக்கும். பெரிய இறகின் நுனி ஓடுவது மணிக்கு 380 கிலோமீட்டர் வேகத்தில். கோலத்தைச் சுற்றி நம்மவர்கள் நின்றிருந்தார்கள், குழந்தைகளும் இருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலேயே நான் பறக்கவிட்டேன். நாலு வாரம் ரப்பரையும் கறுப்புக் கண்ணாடியையும் கொண்டு நான் மூடிவைத்தது இதைத்தான்.

புதுத் தண்டும் இரண்டு பேரிங்குகளும் வாங்கிப் போட்டாயிற்று. கறுப்புக் கண்ணாடி இல்லாமல், நடு வெயிலில், பூப்பந்து மைதானத்தின் வெள்ளைக் கோட்டைப் படமெடுத்துப் பார்த்தேன். அலை இல்லை, மிக இலேசான சாய்வு மட்டும் இருக்கிறது. அது பெரிய சுழலியின் பாக்கி. இன்னும் துளி நாடா கேட்கிறது. அடுத்த பொங்கலுக்குக் கோலம் போடுபவர்கள் வேலை முடிந்ததும் மரத்தடிக்கு வந்துவிட வேண்டும். எல்லோரும் அங்கே வந்து சேர்ந்த பிறகுதான் சுவிட்சைத் தொடுவேன்.