பழைய காருக்குப் புது எஞ்சின் – பிரேக் தாங்குமா?

திருப்பத்தூரிலோ வாணியம்பாடியிலோ நெடுங்காலமாக நடந்து வரும் ஒரு கார்ப் பட்டறையைப் பார்த்திருக்கிறீர்களா? ஓர் ஓரத்தில் துரு ஏறிய அம்பாசடர் ஒன்று நின்றிருக்கக்கூடும். "தாத்தா ஓட்டிய வண்டி சார், விற்க மனம் வரவில்லை" என்பார் அதன் சொந்தக்காரர். துருவைச் சுரண்டி டிங்கர் வேலை செய்து, பெயின்ட் அடித்து, இருக்கைகளுக்கு ஆம்பூர்த் தோலில் புது உறை தைத்துவிட்டால் வண்டி மணமகனைப் போல் ஆகிவிடும். அதன் பிறகுதான் ஓர் ஆசை தலைகாட்டும். "பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, வலுவான எஞ்சின் ஒன்றைப் போட்டால் என்ன?"

போடலாம். ஆனால் அதற்கு முன் இயற்பியல் நம்மை ஒரு கேள்வி கேட்கிறது: "ஓட்ட வலுவைக் கூட்டுகிறாயே, நிறுத்த வலு எங்கே?"

அமெரிக்காவில் நடந்த கதை

இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பான்டியாக் நிறுவனம் 1964 மாதிரியாக ஜி.டி.ஓ. என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நடுத்தர அளவுக் கார் ஒன்றில், பெரிய காருக்குரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 6.4 லிட்டர், திறன் 325 குதிரைத் திறன். இத்தகைய கார்களுக்கு 'மசில் கார்', அதாவது தசைவலுக் கார் என்ற பெயர் நிலைத்தது. ஆனால் அந்த ஜி.டி.ஓ.வின் நான்கு சக்கரங்களிலும் இருந்தவை டிரம் பிரேக்குகளே. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வேண்டுவோர் கேட்டுப் பெறும் வசதி 1967 மாதிரியில்தான் வந்தது. தசை முதலில் வந்தது. அதை அடக்கும் கடிவாளம் பிறகு வந்தது.

நம் அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி 1950களின் இறுதியில் உருவானது. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014 வரை அது தயாரிக்கப்பட்டது. நெடுங்காலம் அதில் இருந்தது 1,489 கன செ.மீ. எஞ்சின், திறன் சுமார் 50 குதிரைத் திறன். 1990களின் தொடக்கத்தில் இசுசு வடிவமைப்பில் 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர்களும் கொண்ட மாதிரி வந்தது. திறன் சுமார் 75 ஆயிற்று. பிந்தைய மாதிரிகளில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் வந்து சேர்ந்தது. எஞ்சின் வளர்ந்தால் பிரேக்கும் வளர வேண்டும் என்பதே இதன் பாடம். அது ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

வேகம் இரு மடங்கு, ஆற்றல் நான்கு மடங்கு

ஓடும் பொருளின் இயக்க ஆற்றல், அதன் நிறையையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கி, அதில் பாதி எடுத்தால் கிடைப்பது. ஆட்களோடு சேர்த்து நம் காரின் நிறை 1,500 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 208 கிலோ ஜூல். வேகம் 120 கி.மீ. ஆனால் ஆற்றல் 416 அன்று. 833 கிலோ ஜூல்!

காரை நிறுத்துவது என்றால் இந்த ஆற்றலை அழிப்பது அன்று. ஆற்றலை யாராலும் அழிக்க முடியாது. பிரேக் செய்யும் வேலையெல்லாம் அதை வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுவதே. ஆகவே பிரேக் என்பது உண்மையில் ஒரு வெப்ப உற்பத்திக் கருவி.

ஏலகிரி தரும் சோதனை

சமவெளியில் கார் எப்போதாவதுதான் நிற்கிறது. மலை இறக்கத்திலோ பிரேக்குக்கு ஓய்வே இல்லை. நம் ஊருக்கு அருகில் உள்ள ஏலகிரி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்துக்கும் மேலே உள்ள ஊருக்கும் உயர வேறுபாடு 600 மீட்டர் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம்.

இறங்கும்போது கார் இழக்கும் நிலை ஆற்றல் 1,500 × 9.8 × 600. அதாவது ஏறத்தாழ 8,800 கிலோ ஜூல். 30 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு வெப்பம் போதும்! கல்யாண வீட்டு அண்டா ஒன்றைக் கொதிக்க வைக்கும் வெப்பம், நான்கு சக்கரங்களின் உள்ளே பிறக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு டிரம்மின் எடை 8 கிலோ என்றால் நான்கும் சேர்ந்து 32 கிலோ இரும்பு. அவ்வளவு வெப்பமும் வெளியேறாமல் அந்த இரும்பிலேயே தங்கினால், அதன் வெப்பநிலை 600 டிகிரி உயரும். உண்மையில் காற்று பெரும்பகுதியை வாங்கிக்கொள்கிறது. காற்றுக்குக் கொடுக்கும் வேகத்தைவிட வெப்பம் பிறக்கும் வேகம் மிஞ்சும்போதுதான் ஆபத்து.

தோலில் தொடங்கிய லைனிங்

தோல் தொழிலுக்குப் பேர்போன நம் பகுதி வாசகர்களுக்கு ஒரு சுவையான செய்தி. 1888 ஆகஸ்டில், கார்ல் பென்சின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவர் உருவாக்கிய மோட்டார் வண்டியில் தம் இரு மகன்களுடன் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து பிஃபோர்ட்சைமுக்குச் சென்றார். சுமார் 100 கி.மீ. பயணம். இறக்கங்களில் பிரேக்கின் மரக்கட்டை தேய்ந்துபோயிற்று. வழியில் ஒரு காலணித் தொழிலாளியிடம் சொல்லி அந்தக் கட்டையின் மேல் தோலை அடிக்கச் செய்தார். பிரேக் லைனிங்கின் வரலாறு அங்கே தொடங்கியது எனலாம்.

தோல் நன்றாகப் பற்றும். ஆனால் சூடு மிகுந்தால் சுருங்கிக் கருகிவிடும். தோல் பதனிடுவோர் இதை நன்கு அறிவர். எனவே பின்னாளில் லைனிங்கில் கல்நார் இடம்பெற்றது. அது வெப்பத்தைத் தாங்கியது. மனிதனின் நுரையீரல்தான் அதைத் தாங்கவில்லை. அதன் நுண்ணிய இழைகள் மூச்சோடு உள்ளே சென்றால், பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயையும் உண்டாக்க வல்லவை. பழைய காரின் டிரம்மைக் கழற்றும்போது அதில் படிந்துள்ள தூளைக் காற்றுக் குழாயால் ஊதவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

பிரேக் ஏன் கைவிடுகிறது?

சூடேறிய பிரேக் மூன்று வழிகளில் வலுவிழக்கிறது.

முதலாவது, லைனிங்கின் உராய்வு குறைகிறது. அதே அழுத்தம் கொடுத்தும் பழைய பிடி கிடைப்பதில்லை.

இரண்டாவது, டிரம் விரிவடைகிறது. 230 மி.மீ. விட்டமுள்ள இரும்பு டிரம் 300 டிகிரி சூடேறினால், விட்டம் முக்கால் மில்லிமீட்டர் அளவு கூடும். டிரம், ஷூவை விட்டு விலகிப் போகிறது. சிறிய விலகல்தான், ஆனால் காலடியில் பெடல் அதைப்போல் பல மடங்கு கீழே இறங்கும். டிஸ்க் சூடேறி விரிந்தாலோ தடிமன் கூடி, பட்டைகளை நோக்கியே வருகிறது. அது காற்றில் திறந்தும் இருப்பதால் விரைவில் ஆறுகிறது.

மூன்றாவதுதான் மிகக் கொடியது. திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கல் விதியின்படி பிரேக் வேலை செய்கிறது. திரவத்தை எளிதில் அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பிரேக் திரவம் கொதித்துக் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றினால், நாம் மிதிப்பது குமிழிகளை நசுக்குவதோடு முடிந்துவிடும். பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது.

இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. 'டாட் 3' வகையின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் விதிக்கப்பட்ட கீழ் வரம்பு 140 டிகிரிதான். ஆண்டுக்கணக்காக மாற்றாத திரவம் பார்வைக்குத் திரவம். மலை இறக்கத்தில் எமன்.

எதை முதலில் மாற்றுவது?

பழைய காரை மேம்படுத்த எண்ணுவோர் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் நிறுத்தும் பாகங்கள். பிறகே ஓட்டும் பாகங்கள்.

ரப்பர் வாஷர்கள், குழாய்கள், திரவம் ஆகியவற்றை முற்றிலும் மாற்றுங்கள். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பொருத்துவது நல்லது. பிரேக் பிடிக்கும்போது காரின் பளு முன்புறம் சாய்வதால், அங்கேதான் பெரும்பகுதி வேலை நடக்கிறது.

ஆனால் டிஸ்க்கைப் பொருத்துவதோடு வேலை முடியாது. டிரம் பிரேக்கில், சுழலும் டிரம் ஒரு ஷூவைத் தானே உள்ளிழுத்து அழுத்தத்தைக் கூட்டித் தருகிறது. டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. கால் இன்னும் பலமாக மிதிக்க வேண்டும். எனவே எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு இயங்கும் பூஸ்டர் தேவை. பழைய ஒற்றைச் சுற்றுக்குப் பதிலாக, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்று உள்ள மாஸ்டர் சிலிண்டரும் வேண்டும். ஒன்றில் கசிவு ஏற்பட்டாலும் மற்றது காப்பாற்றும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்ரோலை மிச்சப்படுத்த இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருண்டு வருவோர் உண்டு. எஞ்சின் நின்றால் வெற்றிடமும் இல்லை. ஓரிரு முறை மிதித்ததும் பூஸ்டரின் உதவி தீர்ந்துவிடும். அதோடு, கியரில் இருக்கும் எஞ்சின் தன் உராய்வாலும், மூடிய காற்று வழியை எதிர்த்து உறிஞ்சுவதாலும் காரை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் அந்த இலவச பிரேக்கையும் இழக்கிறோம். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது முழு இயற்பியல்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதியின்றி வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது. 2021இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, முதல் வடிவம் மாறாமல் காக்கப்பட்ட வண்டியே 'விண்டேஜ்' என்று பதிவு பெறும். எஞ்சினை மாற்றினால் அந்தத் தகுதி போய்விடலாம். எனவே காப்பதா, மாற்றுவதா என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

மாணவர்களே, ஒரு சிறு சோதனை. சரிவில் சைக்கிளில் பிரேக்கைப் பிடித்தபடி மெதுவாக இறங்குங்கள். கீழே வந்து நின்றதும் பிரேக் கட்டை உரசிய ரிம்மின் அருகே விரலைக் கொண்டு செல்லுங்கள். அந்த இளஞ்சூடு, நீங்கள் இறங்கி வந்த உயரம்தான். உங்களையும் சைக்கிளையும் சேர்த்தால் எண்பது கிலோகூட இராது. ஆயிரத்து ஐந்நூறு கிலோ காருக்கு அந்தச் சூடு எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.