ஐஸ் போதை: பெற்றோர் கவனிக்க வேண்டிய இரண்டு கட்டங்கள்

பதின்ம வயதுப் பிள்ளை ஐஸ் பாவிக்கத் தொடங்கும்போது வீட்டில் பெரும்பாலும் சந்தேகம் வருவதில்லை. பிள்ளை விடிய விடிய விழித்திருக்கும், பசி எடுக்காது, வழமையைவிட அதிகம் பேசும். உயர்தரப் பரீட்சைக் காலமென்றால், படிப்பில் அக்கறை வந்துவிட்டது என்றே பெற்றோர் நினைப்பர்.

ஐஸ் என்பது மெத்தம்பெட்டமைனின் பளிங்கு வடிவம். 1893இல் ஜப்பானில் உருவாக்கப்பட்ட இந்த இரசாயனத்தை இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன், ஜப்பானியப் படையினருக்குக் கொடுத்தார்கள். களைப்பு அதனால் போய்விடாது, உடலுக்குத் தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான்.

பாராட்டோ வெற்றியோ கிடைத்தால் மூளை டோபமைன் என்ற இரசாயனத்தைச் சிறிதளவு வெளியிட்டு, பிறகு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஐஸ் நரம்புக் கலங்களுக்குள் புகுந்து சேமிப்பில் உள்ளதை வெளியே தள்ளிவிடும், திரும்ப உறிஞ்சவும் விடாது. எடுத்த அளவில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ 10 மணித்தியாலம் ஆகும். அதுவரை இதயம் படபடக்கும், இரத்த அழுத்தமும் உடற்சூடும் ஏறும். இளவயதிலேயே மாரடைப்பும் பக்கவாதமும் வரக்கூடும். தொடர்ந்து பாவித்தால் யாரோ பின்தொடர்வதாகப் பயம் பிடிக்கும், இல்லாத குரல்கள் கேட்கும். ஆசையை அடக்க உதவும் மூளையின் முன்பகுதி சுமார் 25 வயதுவரை முதிர்ந்துகொண்டிருப்பதால், பதின்ம வயதினர் இதில் எளிதாகச் சிக்குகிறார்கள்.

இரண்டாம் கட்டத்தில், ஐஸின் வேகம் இறங்கியதும் பிள்ளை நாள்கணக்கில் தூங்கும், எரிந்து விழும், எதிலும் நாட்டமின்றிக் கிடக்கும். ‘சோம்பேறி’ என்ற ஏச்சும் அடியும் விழுவது அப்போதுதான். தற்கொலை எண்ணம் தலைதூக்கக்கூடிய நாள்களும் அவையே. தயவுசெய்து அந்த நாள்களில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, இலங்கையில் 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருப்பது மரண தண்டனைக்கோ ஆயுள் சிறைக்கோ உரிய குற்றம். சட்டத்துக்கும் ஊர்வாய்க்கும் பயந்து பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைப்பது சிகிச்சையைத்தான் தள்ளிப்போடும்.

இந்தப் பழக்கத்தை மாற்றவென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இன்னும் இல்லை. உளவளத்துணையும் நடத்தைச் சிகிச்சையும் பலனளிக்கின்றன. ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தவர்களின் மூளையில் டோபமைனை மீள உறிஞ்சும் அமைப்புகள் கணிசமாகத் தேறியதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே முதல் மாதத்திலேயே பழைய பிள்ளையை எதிர்பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள். ஆலோசனைக்கு 1926 என்ற தேசிய மனநல இலக்கத்தை அழைக்கலாம். நெஞ்சுவலி, வலிப்பு, கடும் உடற்சூடு, மனக்குழப்பம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 1990 அம்புலன்ஸை உடனே அழையுங்கள். பிள்ளை என்ன எடுத்தது என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.