புகை காக்கும் வீடுகள்

தோக்கியோவில் எனக்கு ஒரே ஒரு நாள் மிச்சமிருந்தது. அகிஹாபாராவில் கடை கடையாகச் சுற்றலாம் என்றிருந்தேன். அங்கே மேற்படிப்பு படிக்கும் பெரியம்மா மகள் விடவில்லை. "கடை எங்கேயும் ஓடிவிடாது. நீ கட்டடக் கலை படிக்கிறாய். உனக்கு வேறு ஒன்று காட்டுகிறேன், வா" என்று அழைத்துக்கொண்டு போனார்.

ஷின்ஜுகுவிலிருந்து ஒடாக்யு ரயிலில் ஏறி, முக்கோகாவோகா-யூயென் நிலையத்தில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்தோம். கவாசாகி நகரின் இக்குத்தா பூங்காவில், மரங்கள் அடர்ந்த குன்றுச் சரிவில் இருக்கிறது 'நிஹோன் மின்காஎன்' என்ற திறந்தவெளி அரும்பொருளகம். 'மின்கா' என்றால் சாதாரண மக்களின் வீடு. விவசாயிகளும் வணிகர்களும் வாழ்ந்த பழைய வீடுகள் உட்பட சுமார் 25 கட்டடங்கள் இங்கே உள்ளன.

போருக்குப் பிறகு ஜப்பான் வேகமாக வளர்ந்தபோது, இப்படிப்பட்ட வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. எஞ்சியவற்றைக் காப்பாற்ற 1967ஆம் ஆண்டு திறக்கப்பட்டதுதான் இந்த இடம்.

ஒரு வீட்டை எப்படி இடம் மாற்றுவது? அதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. தூண்களும் உத்தரங்களும் ஒன்றுக்குள் ஒன்று செருகி இணைக்கப்பட்டவை என்பதால், அவற்றைக் கழற்ற முடியும். ஒவ்வொரு மரத்துக்கும் எண் இட்டு, உளுத்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அந்த இடத்தில் புது மரத்தை ஒட்டுப் போட்டு, மறுபடி எழுப்புகிறார்கள். ஹதானோ பகுதியிலிருந்து வந்த கித்தாமுரா குடும்பத்தின் வீட்டைக் கழற்றியபோது, மரத்தில் மையால் எழுதிய குறிப்பு ஒன்று கிடைத்தது. வீடு கட்டப்பட்டது 1687ஆம் ஆண்டு என்பது அதிலிருந்துதான் தெரிந்தது.

காலணிகளைக் கழற்றிவிட்டு அந்த வீட்டுக்குள் நுழைந்தோம். கூடத்தில் மூங்கில் பட்டைகளைப் பரப்பிய தரை. யாமனாஷியிலிருந்து வந்த இன்னொரு வீட்டில் அதுவும் இல்லை. மண் தரையில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் விரித்து வாழ்ந்திருக்கிறார்கள். வடக்கே இவாத்தேயிலிருந்து வந்த வீடு 'ட' வடிவத்தில் வளைந்திருக்கிறது. ஒரு பக்கம் மனிதர்கள், மறு பக்கம் குதிரைகள், இரண்டுக்கும் ஒரே கூரை. அங்கே குளிர் கடுமை. குதிரையும் குடும்பத்தில் ஒன்று.

பனி மிகுந்த மலைக் கிராமங்களிலிருந்து வந்த 'கஷ்ஷோ' வீடுகளின் கூரை, கைகூப்பியது போலச் செங்குத்தாக நிற்கிறது. பனி தங்காமல் சரிந்து விழுவதற்காக அப்படி. அந்தக் கூரைச் சட்டத்தை ஆணியால் அடிக்கவில்லை, கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். கூரைக்குக் கீழுள்ள பரணில் பட்டுப்புழு வளர்த்தார்கள்.

ஒரு வீட்டில் தரை நடுவே பதித்த 'இரோரி' என்னும் கணப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தொண்டூழியரான ஒரு தாத்தா அமர்ந்திருந்தார். புகை கண்ணைக் கரித்தது. "இவ்வளவு பழைய வீட்டுக்குள் தீ மூட்டலாமா?" என்று அக்கா மூலம் கேட்டேன்.

தாத்தா சிரித்தார். மூட்டாவிட்டால்தான் ஆபத்தாம். புகை மேலே ஏறிக் கூரை வேய்ந்த புல்லின் ஈரத்தை உலர்த்துகிறது, பூச்சிகளை விரட்டுகிறது. ஆள் குடியிருந்தால் சமையலுக்கும் குளிருக்கும் எப்படியும் தீ எரியும். இப்போது யாரும் இல்லாததால், தொண்டூழியர்கள் முறை வைத்து வந்து அடுப்பு மூட்டுகிறார்கள்.

பிறகு அவர் என்னைக் கேட்டார்: "உங்கள் தாத்தா பாட்டியின் வீடு எப்படி இருக்கும்?"

எனக்குப் பதில் வரவில்லை. பாட்டி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, இப்போது அங்கே தாமான் வந்துவிட்டது. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஜப்பானிய விவசாயி எங்கே படுத்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். என் பாட்டி எங்கே படுத்தார் என்பது தெரியாது.

அன்றிரவே தொலைபேசியில் அழைத்தேன். "அதைப் போய் எதுக்கும்மா கேக்குற?" என்றவர், அரை மணி நேரம் பேசினார். முன்னால் அஞ்சடி, உள்ளே ஓர் அறை, பின்னால் விறகடுப்பு. அஞ்சடியில் ஆண்கள், அறையில் அம்மாவும் பிள்ளைகளும். அடுப்புப் புகையில் தகரக் கூரை கறுத்துப்போயிருக்குமாம். நான் கேட்கக் கேட்க வரைந்தேன். "கதவு அந்தப் பக்கம் இல்லம்மா, இந்தப் பக்கம்" என்று இரண்டு முறை திருத்தச் சொன்னார்.

அந்த லயத்தை இனி யாராலும் எண் இட்டு எழுப்ப முடியாது. என்னிடம் இருப்பது ஒரு தாளும் சில அளவுகளும்தான். அடுப்புக்கும் கதவுக்கும் இடையே எத்தனை அடி என்பது மட்டும் பாட்டிக்கு நினைவில்லை. அதே லயத்தில் வளர்ந்த அவர் தங்கை ஈப்போவில் இருக்கிறார். இந்த விடுமுறையில் அவரைக் கேட்கப் போகிறேன்.