140 எழுத்துக்குள் ஒரு பட்டுச்சேலை

ஆரணித் தறிகளில் ஜக்கார்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் சரம்சரமாகத் தொங்கும் அட்டைகளைக் கவனியுங்கள். ஊடை ஒரு முறை ஓடினால் ஓர் அட்டை நகரும். துளை இருக்கும் இடத்தில் பாவு இழை எழும். இல்லாத இடத்தில் கீழேயே கிடக்கும். இந்த இரண்டே விடையில் புட்டாவும் முந்தானையும் விளைகின்றன.

குறுஞ்செய்திக்கும் இதே கணக்குதான். ஒன்றில் 1,120 பிட்டுகள், அதாவது ஆம்-இல்லை விடைகள், அடங்கும். ஆங்கிலத்துக்கு எழுத்துக்கு 7 பிட் வீதம் 160 எழுத்து. தமிழுக்கு 16 பிட் வேண்டும், 70-இல் முடிந்துவிடும். அதிலும் ‘பட்டு’ நமக்கு 3 எழுத்து, போனுக்கோ ப, ட, புள்ளி, ட, உகரக் குறி என்று 5. தமிழில் கொஞ்சம் நீட்டி எழுதினாலே இரண்டு செய்திக்குக் காசு போனது இதனால்தான்.

குறுஞ்செய்தி வழியே பதிவிடும் சேவையாக 2006-இல் வந்த ட்விட்டர் அந்த 160-இல் 20-ஐப் பயனர் பெயருக்கு ஒதுக்கி, மீதி 140-ஐ நமக்குத் தந்தது. ‘காலையில் இட்லி சாப்பிட்டதை ஊருக்குச் சொல்லவா இது?’ என்று கேலி பேசியவர்கள் ஏராளம். நிறுவனத்துக்கே நம்பிக்கைக் குறைவு இருந்தது. 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்ற பயனர், சொல்லுக்கு முன் # போட்டு ஒரே விஷயத்தைத் திரட்டலாம் என்றார். சாமானியருக்குப் புரியாது என்று தட்டிக்கழித்தவர்கள், 2009-இல் தாங்களே அதை ஏற்றார்கள்.

இங்கே பலரின் மனம் மாறியது 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில். ‘சென்னை ரெயின்ஸ்’ என்ற ஹேஷ்டேகில் எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும், யார் வீட்டில் தங்கலாம், எங்கே சாப்பாடு என்று தகவல் குவிந்தது. சார்ஜ் தீரப்போகும் போனில் யார் கட்டுரை படிப்பார்கள்?

அடுத்த ஆகஸ்டில் அப்போதைய ஜவுளித்துறை அமைச்சர் ஸ்மிருதி இரானி ‘ஐ வேர் ஹேண்ட்லூம்’ என்று பதிவிட, கைத்தறிச் சேலைப் படங்கள் வரிசைகட்டின. நல்ல விளம்பரம்தான். ஆனால் விசைத்தறிச் சேலைக்கும் அதே குறியைப் போடலாம், கேட்பார் இல்லை. ஆகவே ஹேஷ்டேகைப் பார்த்து வாங்காதீர்கள். சில்க் மார்க் முத்திரை, பட்டு அசல் என்று மட்டுமே சொல்லும். கையால் நெய்தது என்பதற்குக் கைத்தறி முத்திரையைத் தேட வேண்டும்.

ஆரணிப் பட்டு உடுத்திப் படம் போடுகிறீர்களா? ஊர்ப் பெயரையும், வாங்கிய கூட்டுறவு சங்கத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். 2017-இல் ட்விட்டர் வரம்பை 280 ஆக்கிவிட்டது. இடம் தாராளமாக இருக்கிறது.