வானுலகம் சென்ற கலையரசி

வானில் ஏற வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்குப் புதியதன்று. அன்னப்பறவையாய் உருக்கொண்ட பிரமன் சோதியின் முடியைத் தேடிப் பறந்தும் காணாது மீண்டான் என்பது திருவண்ணாமலைத் தல வரலாறு. அந்நகரைச் சூழ்ந்த சிற்றூர்களில், திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடைபெறும்போது, அருச்சுனன் வேடம் புனைந்த கூத்தர் நெடிய தபசு மரத்தின்மீது பாடிக்கொண்டே ஏறுவார். கீழே நிற்கும் மக்களுக்கு அம்மரமே கயிலை மலையாகத் தோன்றும்.

மரத்தை மலையாக்கிக் காட்டும் ஆற்றலே கூத்தின் உயிர். ஆயினும், அக்கூத்தில் திரௌபதியாகவும் சுபத்திரையாகவும் தோன்றியவர்கள் வழிவழியாக ஆடவரே ஆவர். பெண் வேடத்தைப் பெண்ணே ஏற்பதற்கும், பின்னர் நடிப்பவரை நடத்தும் இடத்தில் அவளே அமர்வதற்கும் நெடுங்காலம் ஆயிற்று. அவ்வழியை அகலப்படுத்தியவருள் ஒருவர் பானுமதி இராமகிருஷ்ணா. வேற்றுலகப் பயணத்தைக் கதையாகக் கொண்ட தமிழ்த் திரைப்படம் ஒன்றில் தலைவியாக நடித்தவரும் அவரே.

இளமை

பானுமதி அம்மையார் 1925ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7ஆம் நாள், ஆந்திர நாட்டில் ஓங்கோலை அடுத்த தொட்டவரம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பொம்மராஜு வேங்கட சுப்பையா இசையில் ஈடுபாடு உடையவர். ஆதலால் மகளும் இளமையிலேயே இசை பயின்றார். 1939ஆம் ஆண்டு வெளிவந்த 'வர விக்கிரயம்' என்னும் தெலுங்குப் படமே அவருடைய முதற்படம். மணமகனை விலை கொடுத்து வாங்கும் வரதட்சணைக் கொடுமையைக் கண்டித்தது அக்கதை. அக்கொடுமைக்கு இரையாகும் காளிந்தி என்னும் பெண்ணாகப் பதின்மூன்று வயதுச் சிறுமி பானுமதி நடித்தார்.

நல்ல குடும்பத்துப் பெண்கள் படத்தில் நடித்தல் தகாது என்று பலரும் கருதிய காலம் அது. 1943ஆம் ஆண்டு திரைத்துறையைச் சேர்ந்த இராமகிருஷ்ண ராவை மணந்தபின், பானுமதி நடிப்பை விட்டு இல்லறத்தில் அமைந்தார். ஆனால் கலை அவரை விடவில்லை. இயக்குநர் பி. என். ரெட்டி வேண்டியழைக்க, 'சுவர்க்க சீமை' என்னும் படத்தில் மீண்டும் நடித்தார். 1945இல் வெளிவந்த அப்படம் அவருடைய நடிப்பையும் குரலையும் நாடெங்கும் பரப்பிற்று. தம் பாடல்களைத் தாமே பாடும் நடிகையாக அவர் விளங்கினார்.

ஆட்டுவிக்கும் இடம்

கணவரும் மனைவியுமாகச் சேர்ந்து, தம் மகனின் பெயரால் பரணி பட நிறுவனத்தைத் தொடங்கினர். 1948இல் 'ரத்னமாலா' வெளிவந்தது. சென்னைச் சாலிகிராமத்தில் பரணி படப்பிடிப்பு நிலையமும் எழுந்தது. தமிழில் பானுமதியின் முதற்படம், எம். கே. தியாகராச பாகவதருடன் நடித்த 'ராஜமுக்தி' ஆகும். அதுவும் 1948இல் வந்ததே.

1953ஆம் ஆண்டு அம்மையார் ஓர் அரிய செயலைச் செய்தார். 'சண்டிராணி' என்னும் படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மும்மொழிகளிலும் தாமே இயக்கினார். தமிழில் படத்தை இயக்கிய பெண்கள் முன்னரும் இல்லாமல் இல்லை. முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' படத்தின் தலைவி டி. பி. இராஜலட்சுமி, 1936இலேயே 'மிஸ் கமலா' என்ற படத்தை இயக்கியிருந்தார். எனினும், ஒரே கதையை மும்மொழிகளில் நடத்துதல் எளிய பணியன்று. ஒவ்வொரு காட்சியையும் மொழிக்கு ஒருமுறையாகப் படமாக்க வேண்டும்; உச்சரிப்பும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்; செலவும் கைமீறிப் போகாதிருக்க வேண்டும். இவற்றை எல்லாம் நோக்கியவாறே, அப்படத்தில் இரட்டைச் சகோதரியர் இருவராகவும் அம்மையாரே நடித்தார்.

இருவராகும் ஒருவர்

ஒருவரே இருவராகத் திரையில் தோன்றுவது எவ்வாறு? அக்காலத்தில் பெரிதும் கையாளப்பட்ட முறை பின்வருமாறு: படக்கருவியை அசையாதபடி ஓரிடத்தில் நிறுத்துவர். அதன் பார்வையில் ஒரு பாதியைக் கறுப்புத் தகட்டால் மறைத்துவிட்டு, மறுபாதியில் நடிகையை நிறுத்திப் படம் பிடிப்பர். பின்னர்ப் படச்சுருளைத் தொடங்கிய இடத்திற்கே திருப்பிச் சுற்றி, முன்பு திறந்திருந்த பாதியை மறைத்து, மறைந்திருந்த பாதியில் அதே நடிகையை வேறு உடையுடன் நடிக்கச் செய்வர். சுருளை விளக்கினால் இருவரும் ஒருங்கே நிற்பர். கருவி இம்மியளவு அசைந்தாலும் நடுவே கோடு தோன்றிக் காட்சி கெடும்.

நடிப்பவரின் கடமை இதனினும் கடிது. எதிரே யாருமில்லாத வெளியை நோக்கி, அங்கே தம் உடன்பிறந்தாள் நிற்பதாக எண்ணிப் பேச வேண்டும். அவள் மறுமொழி கூறும் நேரத்தை மனத்துள் அளந்து காத்திருக்க வேண்டும். கருவியின் தொழிலும் கலையின் தொழிலும் இங்கே ஒன்றாகின்றன.

இத்தகைய தந்திரக் காட்சிகளின் முன்னோடி பிரெஞ்சு நாட்டு மெலியே என்பார். மேடை மாயக்காரராகிய அவர் 1902இல் நிலவுப் பயணத்தைப் படமாக்கினார். பீரங்கியினின்று பாய்ந்த ஊர்தி நிலவின் கண்ணிலே சென்று தைப்பது அப்படத்தின் புகழ்பெற்ற காட்சி. அதனை இயக்கியவரும் அவரே. அதில் நடித்தவரும் அவரே.

வேற்றுலகக் கதை

1961ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் உருசிய நாட்டு யூரி ககாரின் விண்வெளியில் உலகை வலம் வந்தார். அதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின், 1963ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி' தமிழ்நாட்டில் திரையிடப்பெற்றது. வேற்றுக்கோள் மாந்தரைக் காட்டிய முதல் தமிழ்ப்படம் இதுவே என்பர்.

அறிவியலில் மிக உயர்ந்த உலகம் ஒன்று. அங்கே பறக்கும் ஊர்திகள் உண்டு, வியத்தகு கருவிகள் உண்டு. ஆனால் கலை வளம் இல்லை. அக்குறையைப் போக்க, அவ்வுலகத்தார் பூவுலகிலிருந்து ஒரு கலைச்செல்வியைக் கவர்ந்து செல்கின்றனர். அவளே வாணி. வாணியாகவும், அவளைப் போன்றே தோற்றமுடைய பேதைப் பெண் வள்ளியாகவும் பானுமதி அம்மையார் நடித்தார். எம். ஜி. இராமச்சந்திரன் கதைத்தலைவராகவும், எம். என். நம்பியார் வேற்றுலகத்தாராகவும் தோன்றினர்.

கதையின் கருத்து எண்ணத்தக்கது. கருவிகள் நிறைந்த உலகமும் பாட்டின்றி வறியதாகும் என்பது அது. ஆனால் வாணி அவ்வுலகிற்குத் தன் விருப்பால் செல்லவில்லை, பிறரால் கொண்டுபோகப்பட்டாள். படம் வெளிவந்து இரண்டு திங்கள் கழிவதற்குள், 1963 சூன் 16ஆம் நாள், வாலந்தினா தெரஷ்கோவா என்னும் உருசிய நங்கை தானே விண்கலம் ஏறி, உலகை 48 முறை சுற்றி மீண்டாள். கதையில் கவரப்பட்ட பெண், வாழ்வில் கலத்தைச் செலுத்தும் பெண்ணானாள். கதைத்தலைவியாக நடித்த பானுமதியோ, அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே படம் என்னும் கலத்தைச் செலுத்தியவர்.

மேனாட்டிலும் விண்வெளிக் கதை நடிகர் சிலர் பின்னாளில் இயக்குநராயினர். 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொடரில் ஸ்பாக் என்னும் வேற்றுலகத்தவராக நடித்த லெனார்டு நிமாய், 1984இல் அக்கதை வரிசையின் மூன்றாம் திரைப்படத்தை இயக்கினார். நம் அம்மையார் முதலில் இயக்குநராகிப் பின்னரே வேற்றுலகக் கதைக்கு வந்தார்.

பின்னைப் பணிகள்

அவருடைய ஆற்றல் திரையளவில் நிற்கவில்லை. மாமியார் மருமகள் வாழ்வை நகைச்சுவையோடு சித்திரித்து அவர் தெலுங்கில் எழுதிய 'அத்தகாரி கதலு' என்னும் கதைகள் பெரும்புகழ் பெற்றன. 1975இல் 'இப்படியும் ஒரு பெண்' என்னும் தமிழ்ப்படத்தை இயக்கினார். 1982இல் சிறுவர் சிறுமியரையே நடிக்கச் செய்து 'பக்த துருவ மார்க்கண்டேயா'வை உருவாக்கினார். சென்னை அரசு இசைக் கல்லூரியின் முதல்வராகவும் பணியாற்றினார். நடுவணரசு 1966இல் பத்மஸ்ரீ விருதும், 2001இல் பத்மபூஷண் விருதும் அளித்து அவரைச் சிறப்பித்தது. 2005ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24ஆம் நாள், எண்பதாம் வயதில், சென்னையில் அவர் மறைந்தார்.

குரல் இயற்கை தந்த கொடை. ஆனால் இயக்கமும் எழுத்தும் நிறுவனம் நடத்தும் திறமும் உழைத்துக் கற்றவை. தமக்குக் கிடைத்த பாத்திரத்தில் நடிப்பதோடு அமையாமல், அப்பாத்திரம் உருவாகும் பட்டறைக்குள்ளும் புகுந்து அதன் தொழிலைக் கற்றமையே பானுமதி அம்மையாரின் தனிச்சிறப்பு. இன்று படக்கருவியின் பின்னே நிற்கும் பெண்கள் பலர். அவர்கள் அங்கே நிற்பதைக் கண்டு எவரும் வியப்பதில்லை என்றால், அவ்வியப்பை முன்னரே தாங்கி நின்றவருள் அவரும் ஒருவர் ஆவார்.