மோட்டார் வண்டியின் மின்பிணி ஆராய்தல்

நோய் இன்னதென்று தெளியாமல் மருந்து கொடுப்பவனை உலகம் மருத்துவன் என்று ஒப்புவதில்லை. ஆயினும் மோட்டார் வண்டி பழுதுற்றபோது, காரணம் காணாமலே உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. இன்று பம்ப் மாற்றப்படும், நாளை சென்சார், அடுத்த வாரம் கம்ப்யூட்டர். பணம் கரையும், வண்டியோ நின்ற இடத்திலேயே நிற்கும். பழைய வண்டி ஒன்றையே பிழைப்புக்கு நம்பியிருக்கும் உழவனுக்கும் தச்சனுக்கும் இது சிறிய நஷ்டமன்று. ஆதலின், பெட்ரோலை மின்சார ஆணையால் பீச்சும் பழைய டிரக்கு ஒன்றில் மின்கோளாற்றை முறைப்படி நாடிக் காணும் வகையை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

அமெரிக்க நாட்டு ஃபோர்டு கம்பெனியாரின் எஃப்-150 என்னும் டிரக்கை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் 4.9 லிட்டர் ஆறு ஸிலிண்டர் எஞ்சின் 1987-ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து கார்புரேட்டரை விடுத்துப் பீச்சுமுறையை மேற்கொண்டது. நாம் கூறுவன அதுமுதல் 1993 வரையுள்ள மாதிரிகளுக்குப் பொருந்துவன.

இம்முறையில் பம்ப் பெட்ரோலை அழுத்தத்துடன் அனுப்பும்; ஆறு இன்ஜெக்டர்கள் அதனைப் பீச்சும்; எவ்வளவு பீச்ச வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். வெப்பம், காற்றின் அழுத்தம், ஆக்ஸிலரேட்டரின் நிலை முதலியவற்றைச் சென்சார்கள் கம்ப்யூட்டருக்கு அறிவிக்கும். இவை யாவும் பேசிக்கொள்வது கம்பிகளின் வாயிலாகவே. முப்பது ஆண்டு வெயிலும் மழையும் அதிர்ச்சியும் கண்ட வண்டியில் முதலில் தளர்வன அக்கம்பிகளும் அவற்றின் இணைப்புகளுமே. கம்ப்யூட்டர் கெடுவது அவற்றினும் அரிது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

முதற்கண் பாட்டரியை நோக்குக. நிறைந்த பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினைச் சுழற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே வீழுமாயின் அதனைச் சீர்செய்யாமல் வேறு சோதனை செய்தல் வீண். பின்னர்ச் சாவியைத் திருப்பிச் செவிசாய்க்க வேண்டும். பம்ப் ஏறக்குறைய ஒரு விநாடி முனகி ஓயும். அவ்வொலி கேட்பின் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வருகின்றது என்பதும், ரிலே இயங்குகின்றது என்பதும் செலவின்றியே தெளிவாகும்.

ஒலி கேளாவிடின், மின்சாரம் செல்லும் வழியே நாமும் செல்ல வேண்டும். அது ப்யூஸ், ரிலே, மோதல் சுவிட்சு, டாங்கி மாற்றும் சுவிட்சு என்னும் வரிசையில் பம்பை அடைகின்றது. மோதல் சுவிட்சு என்பது விபத்து நேர்ந்தால் பம்பை நிறுத்துவது. பலத்த குலுக்கலாலும் சில வேளை விடுபட்டுவிடும். பெட்ரோல் எங்கும் கசியவில்லை என்று உறுதி செய்துகொண்ட பின்னரே அதன் பொத்தானை அழுத்தலாம். இரண்டு டாங்கிகள் உள்ள வண்டியில் மற்றோர் எளிய உபாயமும் உண்டு. முன் டாங்கியில் ஓடும் வண்டி பின் டாங்கிக்கு மாற்றியதும் நிற்குமாயின், இரண்டிற்கும் பொதுவான ரிலேயும் மோதல் சுவிட்சும் குற்றமற்றவை. டாங்கி சுவிட்சிலோ, அதற்கு அப்பாலுள்ள கம்பியிலோ, பின் பம்பிலோதான் குறை உள்ளது.

இன்ஜெக்டர்களிலும் இவ்வாறே பகுத்துணரலாம். சாவி திருப்பப்பட்டதும் அவற்றின் ஒரு முனைக்கு எப்போதும் மின்சாரம் வரும். மறுமுனையைக் கம்ப்யூட்டர் எர்த்துடன் இணைக்கும் கணமே அவை திறக்கும். இவ்வெஞ்சினில் அவை மூன்று மூன்றாக இரு குழுவாய் இயங்குவன. ஒன்று மட்டும் ஓய்ந்தால் அதனிடத்தோ அதன் கம்பியிலோ குறை. ஒரு குழு முழுதும் ஓய்ந்தால் அக்குழுவின் பொதுக் கம்பியையோ கம்ப்யூட்டரையோ ஐயுறலாம். ஆறும் ஓய்ந்து, ஸ்பார்க் பிளக்கிலும் பொறி இல்லையாயின், டிஸ்டிரிபியூட்டரிலிருந்து வரும் செய்தியை முதலில் ஆராய வேண்டும். எஞ்சின் சுழல்வதைக் கம்ப்யூட்டர் அறிவது அதனாலேயே.

நிற்க. இக்கம்ப்யூட்டர் தான் கண்ட குறையை விளக்கு மின்னும் கணக்கால் எண்ணாகத் தெரிவிக்கும் திறமுடையது. அவ்வெண்ணைத் தீர்ப்பாகக் கொள்ளுதல் பெரும்பிழை. அது சாட்சியின் வாக்குமூலம் மட்டுமே. 41 என்னும் எண், புகைக்குழலில் பிராணவாயு மிகுந்துள்ளது என அறிவிக்கும். உடனே பிராணவாயுச் சென்சாரைக் கழற்றி எறிவோர் பலர். வெடித்த ரப்பர்க் குழாய் வழியே காற்றுப் புகுந்தாலும், பெட்ரோல் அழுத்தம் குறைந்தாலும் அதே எண் தோன்றும். உண்மை உரைத்த சாட்சியைத் தண்டித்து, குற்றவாளியை விட்டுவிட்டோம்! பொய்ச்சாட்சியும் இல்லாமலில்லை. வெப்பச் சென்சாரின் இணைப்பில் பாசி பிடித்துத் தடை மிகுமாயின், கொதிக்கும் எஞ்சினும் குளிர்ந்திருப்பதாகக் கம்ப்யூட்டர் மயங்கும், வேண்டாத பெட்ரோலைப் பீச்சும், கரும்புகை எழும். இங்கும் பழி சென்சாருடையதன்று; இணைப்பினுடையது.

எர்த் கம்பியைச் சோதிக்கும் முறை தனியே கூறத்தக்கது. பல இழைகளுள் ஒன்றே எஞ்சிய கம்பியும் ஓம் மீட்டரில் குறையற்றதாகவே தோன்றும். ஒரே பலகை எஞ்சிய பாலம் ஆளைத் தாங்கும், பாரவண்டியைத் தாங்குமோ? ஆகவே எஞ்சின் ஓடும்போதே பாட்டரியின் எதிர்முனைக்கும் கம்ப்யூட்டரின் எர்த்துக்கும் இடையே வோல்ட் அளக்க வேண்டும். பத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் துருவோ தளர்ச்சியோ உண்டு. மணல்தாளால் தேய்த்து இறுக்குவதே அதற்கு மருந்து.

சென்சார் கம்பிகளில் பழைய பல்பு விளக்கால் சோதித்தல் ஆகாது. அது இழுக்கும் மின்சாரம் கம்ப்யூட்டரைக் கெடுக்கக்கூடும். அங்கே டிஜிட்டல் மீட்டரே தக்கது. கம்ப்யூட்டரைக் கழற்றுமுன் பாட்டரியின் தொடர்பை நீக்குதலும் இன்றியமையாதது.

கோளாறு காண்பதற்கு வேண்டுவன மீட்டர் ஒன்றும், மின்சாரம் செல்லும் வழியை அறிந்த அறிவும், அவசரப்படாத மனமுமே. விசாரியாமல் தீர்ப்பளிப்பது மனிதரிடத்து அநீதி. யந்திரத்தினிடத்தும் அது வீண் செலவு. சோதனையில் குற்றம் நிலைநாட்டப்பட்ட உறுப்பை மாத்திரமே மாற்றுவோன், ஏழையின் கைப்பொருளைக் காப்பவன் ஆவான்.